புதுக்கோட்டைப் பக்கம் பட்டறை போட்டால் ஆளுக்கு எங்கே போவது?

சிங்கப்பூரில் துவாஸிலோ உட்லண்ட்ஸிலோ லேத், மில்லிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அடுத்த கிளையைச் சொந்த ஊர்ப் பக்கம் போட நினைத்தால், கணக்கு முதலில் இனிக்கத்தான் செய்யும். பூர்வீக நிலம் சும்மா கிடக்கிறது. கணினி ஓட்டும் சிஎன்சி எந்திரங்களைக் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலுமே செய்கிறார்கள். சாங்கியில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். திருச்சியில் இறங்கி ஒரு மணி நேரம் காரில் போனால் புதுக்கோட்டை. "ஆளுக்கு என்ன பஞ்சம், ஊர் நிறையப் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்" என்று மாமனோ மச்சானோ போனில் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லும் ஆள் வேறு, பட்டறைக்கு வேண்டிய ஆள் வேறு.

நிலம், வரி பற்றியெல்லாம் ஆடிட்டர் சொல்வார். இங்கே பார்ப்பது ஆள் சேர்க்கும் வழிகளை மட்டும்: ஐடிஐ பிள்ளைகளை எடுத்துப் பழக்குவது, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர்களை எடுப்பது, திருச்சியிலிருந்து பஸ் விடுவது அல்லது விடுதி கட்டுவது, சொந்தப் பயிற்சிக் கூடம் நடத்துவது. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. என்ன வேலை, எத்தனை பேர், யார் கற்றுத்தரப் போகிறார்கள் என்ற மூன்றும் தெரிய வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பலரும் கட்டடம் எழும்பிய பிறகுதான் கேட்கிறார்கள்.

அறுபதில் ஒன்பது

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 சிஎன்சி லேத், 6 விஎம்சி (சிஎன்சி மில்லிங் எந்திரம்), இரண்டு ஷிப்ட். ஆரம்பத்தில் எந்திரத்துக்கு ஓர் ஆப்பரேட்டர் என்றால் 36 பேர்; லீவு, ஆப்சென்ட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 40. ஓடிப் பழகிய ஜாப்பில் ஒரு செட்டர் நாலைந்து எந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். ஷிப்டுக்கு நாலு பேர், மாற்றுக்கு ஒருவர், ஆக 9. தரம் பார்க்க 5, பராமரிப்புக்கு 4, புரோகிராமும் ஸ்டோரும் பார்க்க 2. மொத்தம் 60.

இந்த 60 பேரில் 40 ஆப்பரேட்டர்களை நாலு மாதத்தில் உருவாக்கிவிடலாம். ஒன்பது செட்டர்களை உருவாக்க இரண்டரை, மூன்று வருடம் ஆகும். ஆப்பரேட்டர் பீஸைக் கழற்றி, அளந்து, அடுத்ததை மாட்டுகிறார். செட்டர் டிராயிங்கைப் பார்த்து, ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) கடைந்து, டூல் தேர்ந்து, முதல் பீஸைச் சரியாக எடுக்கிறார்; டூல் உடைந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கிறார். செட்டர் இல்லாத ஷிப்டில் 18 எந்திரமும் விளக்கு எரிந்தபடி நிற்கும், அல்லது ஓடித் தப்புப் பீஸாகக் குவிக்கும். இரண்டாவதுதான் அதிகச் செலவு.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இரண்டு தராசில் நிறுக்க வேண்டும்: ஆப்பரேட்டர் கிடைப்பாரா, செட்டர் கிடைப்பாரா?

ஐடிஐ வழி

புதுக்கோட்டையிலும் திருச்சி திருவெறும்பூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம். தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றும் திட்டத்தை எடுத்தபின், பிள்ளைகள் சிஎன்சியைக் கண்ணால் பார்க்காமலே வெளியே வந்த காலம் மாறிவருகிறது. இருந்தாலும் ஒரு எந்திரத்தை ஒரு வகுப்பே பங்கு போட்டுக்கொள்ளும்போது, ஒருவர் கைக்கு எத்தனை மணி நேரம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்ரண்டிஸ் சட்டம் (1961) பற்றி ஒரு தப்பான நினைப்பு உண்டு: உதவித்தொகை கொடுத்து அப்ரண்டிஸ்களை வைத்தே பட்டறையை ஓட்டிவிடலாம் என்று. முடியாது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்தத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரைதான் அப்ரண்டிஸ் எடுக்கலாம். அறுபது பேர் பட்டறைக்கு உச்சம் 9. நமக்கு வேண்டிய செட்டர்களும் ஒன்பது! அப்ரண்டிஸ் இடங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும்: நாளைய செட்டருக்கான நாற்றங்காலாக. அவர்களைச் சுமை தூக்கவும் தரை கூட்டவும் விட்டால் மூன்று வருடம் கழித்துக் கோயம்புத்தூருக்கு ஆள் தேடி ஓட வேண்டியதுதான்.

2019-ல் திருத்திய விதிப்படி மாத உதவித்தொகையின் கீழ்வரம்பு படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 ரூபாய். ஐடிஐ முடித்தவருக்கு 7,000. அதை உயர்த்தும் பரிந்துரையும் பின்னால் வந்திருக்கிறது, ஆகவே ஒப்பந்தம் போடும் மாதத்தில் நடப்பிலிருக்கும் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2016-ல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்தில் அரசு கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை ஏற்கிறது. பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆனால் கையில் அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. இன்னொன்று: கீழ்வரம்பை மட்டும் கொடுத்தால் பிள்ளை மூன்றாம் மாதம் திருப்பூர் பஸ்ஸில் ஏறியிருப்பான். அதே மாவட்டத்து ஜவுளிக்கடை என்ன தருகிறது என்று விசாரித்துவிட்டு, அதற்கு மேல் வையுங்கள்.

சேர்க்கும்போது ஆங்கிலம் கேட்டு நல்ல கைகளை இழக்க வேண்டாம். 0.5, 0.05, 0.45 மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொல்லுங்கள். ஒரு வெர்னியரைக் கொடுத்து ஐந்து துண்டுகளை அளக்கச் சொல்லுங்கள், மறுநாள் அதே ஐந்தை வரிசை மாற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளும் ஒரே அளவு சொல்பவர்தான் வேண்டும். தப்பாக அளந்தாலும் ஒரே மாதிரி தப்பாக அளப்பவரைத் திருத்திவிடலாம். அவசரத்தில் ஆளுக்கொரு அளவு சொல்பவரோடு காலம் பூராவும் மாரடிக்க வேண்டும்.

பழக்குவதற்கு 16 வாரம். ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் வேண்டாம். முதல் மூன்று வாரம் அளவும் டிராயிங்கும். அடுத்த ஐந்து வாரம் சாதா லேத், இருவருக்கு ஒன்று. அதற்கடுத்த நாலு வாரம் உற்பத்தியில் சேர்க்காத ஒரு சிஎன்சி லேத். கடைசி நாலு வாரம் ஓடும் எந்திரத்தில் செட்டர் பக்கத்தில். ஆளுக்கு 30 கிலோ இஎன்8 எஃகுக் கம்பி ஒதுக்குங்கள், வெட்டித் தீர்க்கட்டும். சாதா லேத் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டூல் மழுங்கும்போது வரும் சத்தத்தையும், கைப்பிடியில் ஏறும் கனத்தையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கற்க முடியாது.

டிராயிங் வாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐடிஐயில் சொல்லித்தருவது முதல் கோண முறை. சிங்கப்பூர் பட்டறைகளுக்கு அமெரிக்க, ஜப்பானிய வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் டிராயிங் மூன்றாம் கோண முறை. பக்கத் தோற்றம் எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்பதே மாறிவிடும். எல் வடிவப் பிராக்கெட்டில் துளை இடப்பக்கம் விழ வேண்டியது வலப்பக்கம் விழும். எல்லா அளவும் டிராயிங்கோடு பொருந்தும், பீஸ் மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். அளவு பார்ப்பவரும் அதே ஐடிஐக்காரர் என்றால் அவரும் "ஓகே" போட்டுவிடுவார், பெட்டி கப்பல் ஏறிவிடும். டிராயிங் மூலையில் இருக்கும் வெட்டிய கூம்புக் குறியை முதல் நாளே காட்டி, அதைப் பார்க்காமல் டிராயிங்கை விரிக்கக் கூடாது என்று பழக்க வேண்டும்.

ஒன்பதாம் வாரத்தில் அடுத்த பொறி, ஆப்செட்: டூல் நிற்கும் இடத்தைத் திருத்த எந்திரத்தில் அடிக்கும் எண். ஒரு ஷாஃப்ட் 25.00 வர வேண்டும், அளந்தால் 25.06. வியர் ஆப்செட் (டூல் தேய்மானத் திருத்தம்) கட்டத்தில் ஏற்கெனவே −0.04 இருக்கிறது. பையன் சரியாகவே யோசித்து −0.06 அடிக்கிறான். ஃபானுக் என்ற சிஎன்சி கன்ட்ரோலின் திரையில் "இன்புட்", "+இன்புட்" என்று இரண்டு பொத்தான்கள். இரண்டாவது, இருப்பதோடு கூட்டும். முதலாவது, இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். அவன் முதலாவதை அழுத்துகிறான். −0.04 போய் −0.06 உட்கார்கிறது, டூல் நகர்ந்தது 0.02 மட்டும். அடுத்த பீஸ் 25.04. இன்னும் 0.04 குறைய வேண்டும் என்று −0.04 அடித்து மறுபடி அதே பொத்தான். கட்டத்தில் பழைய −0.04 திரும்ப வந்துவிட்டது, பீஸும் பழையபடி 25.06. "எந்திரம் சரியில்லண்ணே" என்று செட்டரைக் கூப்பிடுவான். தசமப் புள்ளியை அடிக்காமல் விட்டுவிடுவது இதைவிட ஆபத்து: 60 என்று வெறுமனே அடித்தால், பாராமீட்டரைப் பொறுத்து ஒரு எந்திரம் 0.060 என எடுக்கும், இன்னொன்று 60 மி.மீ. என எடுத்து ஜாவில் போய் மோதும். ஒரு தடவையில் 0.2க்கு மேல் திருத்தம் ஏற்காதபடி எந்திரத்திலேயே வரம்பு வைக்கலாம். பயிற்சி எந்திரத்தில் அதைச் செய்யாமல் யாரையும் விடக் கூடாது.

பன்னிரண்டாம் வார முடிவில் ஒரு பரீட்சை: 20 மி.மீ. எச்7 பொருத்தத்துக்கு ஒரு படி ஷாஃப்ட், அதாவது 20.000-க்கும் 19.979-க்கும் நடுவில், முனையில் எம்16×2 மரை. தொடர்ச்சியாகப் பத்துப் பீஸ். ஐந்தாவது முடிந்ததும் இன்சர்ட்டை (டூல் முனையில் மாட்டும் வெட்டுத் துண்டு) மாற்றச் சொல்ல வேண்டும். ஆறாவது பீஸ்தான் பரீட்சையே. இன்சர்ட் உட்காரும் இடத்தைத் துடைத்தாரா, ஆப்செட்டை 0.2 ஏற்றி வைத்து வெட்டி, அளந்து, இறக்கினாரா? நேராகச் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துபவர் இன்னும் நாலு வாரம் உட்காரட்டும்.

ஆப்பரேட்டர் தராசில் ஐடிஐ வழிதான் நிறை. செட்டர் தராசில், தொடக்க இரண்டு வருடத்துக்குச் சுழி.

"நம்ம ஆள்தான் சிங்கப்பூர்ல நிறைய இருக்காங்களே"

இருக்கிறார்கள். ஆனால் எந்த வேலையில் என்று பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வருபவர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகள்தான் பல காலமாகத் திறந்திருந்தன. உற்பத்தித் துறை மலேசியா, சீனா, இன்னும் சில வட ஆசிய நாட்டவருக்கு மட்டும். 2023 செப்டம்பரில்தான் வெல்டர், தகட்டு வேலைக்காரர் போன்ற சில வேலைகளுக்கு உற்பத்தித் துறையிலும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதனால் துவாஸ் யார்டிலும் ஜூரோங் தீவிலும் பத்து வருடம் கழித்த புதுக்கோட்டைக்காரர் அருமையான வெல்டராக, பைப் பிட்டராக, ரிக்கராக, ஸ்கஃபோல்டராக இருப்பார். சிஎன்சி செட்டராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆகவே போடப்போவது ஃபேப்ரிகேஷன் (தகடும் குழாயும் வெட்டி வெல்ட் செய்யும்) பட்டறையா, கடைசல் பட்டறையா என்பதே இந்த வழியைத் தீர்மானிக்கிறது. ஸ்கிட், பைப் ஸ்பூல், டேங்க், பிரேம் என்றால் ஊர் திரும்பியவர்களைப் போல் வேறு யாரும் கிடையாது. திறன் டெஸ்ட் அடித்துச் சிங்கப்பூர் போனவர்கள், அங்கே ஹையர் ஸ்கில் என்ற மேல்நிலைத் தகுதி வாங்கியவர்கள், ஐசோமெட்ரிக் டிராயிங் படிப்பவர்கள். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், பெர்மிட் இல்லாமல் ஹாட் வொர்க் கிடையாது, கிரைண்டரில் கார்டு கழற்றக் கூடாது என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருக்கும். இந்தப் பழக்கத்தை ஒரு புதுப் பட்டறைக்குச் சொல்லித்தர ஒரு வருடம் பிடிக்கும்; இவர்கள் நாலு பேர் இருந்தால் மற்றவர்கள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் செய்யும் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் தேர்ந்த பாய்லர் வெல்டர்களும் இருக்கிறார்கள். பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெல்டர் பயிற்சியும் தருகிறது. வெல்டிங்குக்கு அந்த வட்டாரம் கொடுத்துவைத்த வட்டாரம்.

அதற்காகக் காகிதத்தைப் பார்த்து எடுத்துவிடக் கூடாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதித்தொகுப்பு ஒன்பதாம் பிரிவின்படி வெல்டர் தகுதி என்பது சோதித்த நிறுவனத்தின் பெயரில் இருப்பது. அந்த முறையில் ஆறு மாதம் வெல்ட் செய்யாவிட்டால் அதுவும் காலாவதி. ஊருக்கு வந்து வீடு கட்டி, தங்கைக்குக் கல்யாணம் முடித்து எட்டு மாதம் உட்கார்ந்தவரை உங்கள் வெல்டிங் நடைமுறைக்கு மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். 6 அங்குல ஸ்கெட்யூல் 80 பைப், 6ஜி எனப்படும் 45 டிகிரி சாய்வு, ரூட் (அடி வெல்ட்) டிஐஜியில், மேலே இ7018 வெல்டிங் குச்சி. 6ஜி நிலையில் தேறினால் மற்ற நிலைகளுக்கும் அது செல்லும், ஆகவே ஒரே சோதனை போதும். பெரும்பாலும் தோற்பது ஆறு மணி இடத்தில்: ரூட் உள்ளே இழுத்துக் குழி விழும், அல்லது நிறுத்தித் தொடங்கிய இடத்தில் ஒட்டாமல் நிற்கும். துண்டு வெட்டி வளைக்கும்போது 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி. சோதனைக்கு முன் உங்கள் பக்கமும் சரியாக இருக்கட்டும். பாக்கெட் பிரித்து வைத்த இ7018 ஐப்பசி மழையில் ஈரம் குடித்திருந்தால் எந்த வெல்டர் கையிலும் துளை விழும். 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது சுட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். அடுப்பு வாங்காமல் வெல்டரைக் குறை சொல்லும் பட்டறைகள் ஏராளம்.

இவர்களைத் தக்கவைப்பது வேறு கலை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் திரும்பியவர் சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் பார்க்கவே செய்வார். அந்தச் சம்பளத்தை ஊரில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை படிப்பு, வயதான அப்பா அம்மா, வயல் என்று திரும்பிவந்த காரணம் உறுதியாக இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். "ஆறு மாசம் பாக்குறேண்ணே, சரிவரலைன்னா துபாய்" என்பவரை ஃபோர்மேன் ஆக்காதீர்கள். நல்ல வெல்டரை உடனே பயிற்சியாளர் ஆக்குவதும் தப்பு. அவர் கை பேசும், வாய் பேசாது.

பஸ்ஸும் விடுதியும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தினமும் பஸ்ஸில் வருபவர் காலை ஷிப்டுக்கு நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு அனுபவசாலிகளைக் கொண்டுவர இது உதவும். ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்று எண்ணித் திட்டம் போடக் கூடாது. உள்ளூர்ப் பஸ்ஸை 25 கிலோமீட்டருக்குள் வையுங்கள். இரண்டாவது ஷிப்ட் இரவு பத்துக்கு முடிந்தால் கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டிருக்கும். கம்பெனி பஸ் இல்லாமல் இரண்டாவது ஷிப்டே இல்லை. பெண்களை வைத்தால், இரவு வேலைக்கு எழுத்துமூலச் சம்மதமும் வீட்டு வாசல் வரை வண்டியும் வேண்டும். தரம் பார்க்கும் வேலையிலும் விஎம்சியிலும் பெண்கள் நன்றாகவே நிலைக்கிறார்கள், ஆகவே இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்.

விடுதி ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டிய அசெம்ப்ளி ஆலைக்கானது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்டு, நெடுஞ்சாலை மறியலாகி, ஆலையே சில வாரம் நின்றதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அறுபது பேர் பட்டறைக்காரருக்குச் சமையல்கூடம் நடத்தும் தலைவலி எதற்கு?

சொந்தப் பயிற்சிக் கூடம், சிங்கப்பூர் செய்த மாதிரி

சிங்கப்பூரில் இன்று இருக்கும் நுண்பொறியியல் தொழிலின் வேரைத் தோண்டினால் 1970களின் கூட்டுப் பயிற்சி நிலையங்களில் போய் நிற்கும். 1972-ல் டாட்டாவோடு அரசு சேர்ந்து நடத்திய நிலையம் முதலாவது. 1973-ல் ஜெர்மன் கேமரா நிறுவனம் ரோலை, 1975-ல் பிலிப்ஸ். நிறுவனம் தனக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே ஆட்களைப் பழக்கியது, மிச்சம் மற்ற பட்டறைகளுக்குப் போனது. ரோலை 1981-ல் சிங்கப்பூர் ஆலையை மூடிவிட்டது. அங்கே பழகிய கைகள் இங்கேயே மற்ற பட்டறைகளில் பிழைத்துக்கொண்டன.

இந்தக் கதையைக் கேட்டு உற்சாகப்படுபவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: கூடுதலாகப் பழக்கிய செலவில் அரசுக்கும் பங்கு இருந்தது. அறுபது பேர் பட்டறை தனியாக அதைச் செய்தால் அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கு இலவசமாக ஆள் தயாரித்துக் கொடுப்பதாகத்தான் முடியும். நாலைந்து முதலாளிகள் சேர்ந்து, ஐடிஐ வளாகத்திலேயே இரண்டு எந்திரம் போட்டு, இரட்டைப் பயிற்சி முறையில் ஐடிஐயோடு ஒப்பந்தம் செய்வது நடக்கக்கூடிய காரியம். பாதிக் காலம் வகுப்பு, பாதிக் காலம் உங்கள் பட்டறை. தலைச்சேரிப் பக்கம் நெட்டூரில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய என்டிடிஎஃப் போன்ற நிலையங்களில் டூல் அண்ட் டை படித்தவர்களை எடுப்பது இன்னொரு வழி. நல்ல செட்டராகும் படிப்பு அது. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஓசூரில் நாளைக்கே வேலை வாங்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

ஊர்ப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கே வரவழைத்துப் பழக்கலாமே என்றால், பயிற்சிக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று மாதம்தான், சம்பளம் குறைந்தது மாதம் 3,000 வெள்ளி. மூன்று பேருக்கு மூன்று மாதம் 27,000 வெள்ளி, வாடகை தனி. அதே பணத்துக்கு இங்கிருக்கும் ஒரு செட்டரை அங்கே அனுப்பினால் எட்டுப் பேர் கற்றுக்கொள்வார்கள். உட்லண்ட்ஸ் பட்டறைகளுக்கு ஜொகூரிலிருந்து தினமும் காஸ்வே தாண்டி வரும் மலேசியத் தமிழர்களில் நல்ல செட்டர்கள் உண்டு. மொழிச் சிக்கலே இல்லை. அவரை அங்கே வேலைக்கு வைக்க இந்திய எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும், அதற்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் காட்ட வேண்டும். பார்க்கும்போது பெரிய தொகைதான். ஒரு விஎம்சியின் ஸ்பிண்டில் ஒரு மோதலில் போனால் ஆகும் செலவையும், அது வந்து சேரும் வரை நிற்கும் நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து செட்டர் எடுத்தாலும் சரி, ஜொகூரிலிருந்து எடுத்தாலும் சரி, வித்தையை மறைக்கும் செட்டர்தான் பெரிய தொல்லை. ஆப்செட் எண்களைச் சட்டைப் பை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தான் இல்லாவிட்டால் எந்திரம் ஓடாது என்ற நிலையை உண்டாக்குவார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருடைய பிழைப்பு அது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கற்றுக்கொடுப்பதோடு கட்டிப்போடுங்கள்: அவர் பழக்கிய ஆள், அவர் லீவில் இருக்கும் நாளில், தனியாக ஒரு ஜாப்பைச் செட் செய்து முதல் பீஸைத் தரத்தில் தேற்றினால் இவ்வளவு. ஒவ்வொரு ஜாப்புக்கும் செட்டப் தாள் எந்திரத்தின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும், ஜாவின் படத்தோடு.

பழகியவர் போகாமல் இருக்க

இரண்டு உள்ளூர் விஷயங்கள் சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, 480 நாள். 1981-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டப்படி, இரண்டு வருடத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். இதைத் தவிர்க்க 470 நாளில் கணக்கு முடித்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. உள்ளூர் மேனேஜர் உங்களுக்கும் அதைச் சொல்லித்தருவார். மாதம் 26 நாள் என்றால் அது பதினெட்டு மாதத்துக்குச் சற்று மேல். ஐடிஐ பையன் ஜா கடையத் தொடங்கி, பாதி செட்டராகும் சமயம் சரியாக அதுதான். பேக்கிங் வேலைக்கு அந்தத் தந்திரம் எப்படியோ, செட்டர் வளர்க்க நினைக்கும் பட்டறைக்கு அது தன் தலையில் தானே மண் போடுவது.

இன்னொன்று, "மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை." சிங்கப்பூரில் இது சாதாரண போனஸ் மாதிரி தெரியும். ஊரில் பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதைக் கேட்டதும் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம்தான் நினைவுக்கு வரும். பாதியில் அனுப்பிவிட்டுத் தொகையைக் கொடுக்காமல் விட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. தொகையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் கொடுங்கள். மூலச் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் வேலையும் வேண்டாம்.

பொங்கலை ஒட்டி எந்திரம் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டே பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். சம்பா அறுவடையும் அப்போதுதான். வருடாந்தரப் பராமரிப்பு, கூலன்ட் டேங்க் கழுவுதல், எந்திர லெவல் பார்ப்பது எல்லாவற்றையும் அந்த வாரத்தில் வையுங்கள். வாடிக்கையாளருக்கு நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த நிலைக்கு எது

ஃபேப்ரிகேஷன் என்றால் ஊர் திரும்பியவர்களில் எட்டுப் பத்துப் பேரைச் சோதித்து எடுத்து, அவர்களுக்குக் கீழே ஐடிஐ வெல்டர்களை வைத்தால் மூன்று மாதத்தில் பட்டறை ஓடும். நான்கு வழிகளில் மிக மலிவானதும் இதுதான்.

கடைசல் என்றால் 18 எந்திரத்தை ஒரே நாளில் இறக்கக் கூடாது. கற்றுத்தந்துகொண்டே வேலை பார்க்கும் செட்டரால் மூன்று எந்திரத்துக்கு மேல் பார்க்க முடியாது. முதல் வருடம் இரண்டு செட்டர், ஆறு எந்திரம், ஒரே ஷிப்ட், எட்டு ஐடிஐ பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் தனியாகச் செட் செய்யத் தொடங்கிய பிறகே அடுத்த ஆறு எந்திரத்துக்கு ஆர்டர். வங்கி இந்த வேகத்தைப் பார்த்து முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். பொதுவான பிளாஸ்டிக் அசெம்ப்ளி, பேக்கிங் மாதிரி வேலை என்றால் இவ்வளவு யோசனையே தேவையில்லை. பஸ் ரூட்டைச் சரியாகப் போட்டால் போதும்.

ஐடிஐ தேர்வு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் முடியும். அதற்கு நாலு மாதம் முன்பே போய்ப் பயிற்றுநரிடம் பேசி, நல்ல கைகள் யார் என்று கேட்டு வைத்திருந்தால்தான் செப்டம்பரில் முதல் எட்டுப் பேர் கிடைப்பார்கள். அந்த எட்டுப் பேர் வந்து நிற்கும் காலையில் செட்டர் இருவரும் அங்கே இருக்க வேண்டும், வேலை விட்டு வர அவர்கள் தங்கள் பழைய முதலாளிக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய மாதம் மே. நிலப் பத்திரம் அதற்குப் பிறகு.